சம்பளம் வந்த அன்னிக்கே கணக்கு போடுங்க: காணிக்கை, தர்மம், ஊருக்கு அனுப்புற காசு

போன மாசம் ஆராதனை முடிஞ்சு கீழ கோப்பி குடிச்சிட்டு நிக்கும்போது ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, தசமபாகம் சிபிஎஃப் பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள சம்பளத்துலயா, இல்ல கைக்கு வர்ற சம்பளத்துலயா?" (தசமபாகம்னா வரவுல பத்துல ஒண்ண கடவுளுக்குக் குடுக்குறது, சிபிஎஃப்னா சிங்கப்பூர்ல சம்பளத்துலேர்ந்து பிடிக்கிற சேமநிதி.) சுத்தி நின்ன அஞ்சு பேர் அஞ்சு பதில் சொன்னாங்க, ஒருத்தர் தசமபாகத்த முழுசா கொண்டு வாங்கன்னு சொல்ற மல்கியாவ எடுத்தாரு, ஒருத்தர் அதெல்லாம் பழைய ஏற்பாடு தம்பின்னாரு, கடைசியில அந்தப் பையன் கேட்டதே தப்போன்னு முழிச்சான். வீட்டுக்கு வந்து அவனுக்கு வாட்ஸப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சேன், அது நீண்டுகிட்டே போச்சு, சரி எல்லாருக்குமா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். நான் போதகர் இல்ல, சிங்கப்பூர்ல ஜூரோங் பக்கம் ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பார்க்குறவன், பணத்துல பண்ணக்கூடிய முட்டாள்தனத்துல பாதிய சொந்தக் காசுல பண்ணிப் பார்த்தவன்.

2 கொரிந்தியர் 9:7ல "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்"ங்கற பாதி எல்லாருக்கும் மனப்பாடம், காணிக்கை கவர்லயே அச்சடிச்சு வச்சிருப்பாங்க. அதுக்கு முன்னாடி உள்ள பாதிய நான் ரொம்ப வருஷம் கவனிக்கவே இல்ல: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்." நியமித்தபடியே! அப்படின்னா பை நம்ம வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிவு ஆயிடுச்சுன்னு அர்த்தம். பர்ஸ்ல கைய விட்டு எந்த நோட்டு தட்டுப்படுதோ அத போடுறது நியமிக்கிறது இல்ல, மேல கீபோர்டு மெதுவா வாசிக்கும்போது மனசு இளகி ஃபாரத்துல ஒரு தொகைய எழுதுறதும் நியமிக்கிறது இல்ல. பவுல் இன்னும் ஒரு படி மேல போய் 1 கொரிந்தியர் 16ல வாராவாரம் வரவுக்குத் தக்கபடி அவங்கவங்க வீட்ல எடுத்து வைங்க, நான் வரும்போது வசூல் நடக்கக் கூடாதுன்னு எழுதுறாரு. பிரசங்கி வரும்போது வசூல் வேண்டாம்னு பிரசங்கியே சொல்றாரு, இத எத்தனை ஸ்பெஷல் மீட்டிங்ல கேட்டிருக்கோம்?

எங்கம்மாவுக்கு கொரிந்தியர் விளக்கம் எல்லாம் தெரியாது, ஆனா இது தெரியும். திருநெல்வேலி பக்கம் எங்க ஊர்ல உலைக்கு அரிசி அளந்த உடனே அதுலேர்ந்து ஒரு பிடி எடுத்து பழைய ஹார்லிக்ஸ் டப்பால போடுவாங்க, பிடியரிசி, ஞாயித்துக்கிழமை அது கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும். வீட்ல அரிசி கம்மியா இருக்கிற வாரமும் பிடி உண்டு, பிடிதான் கொஞ்சம் சின்னதாயிடும். சாப்பிட்டு மிஞ்சினத எடுத்து வைக்கிறது இல்ல, உலையில போடுறதுக்கு முன்னாடி எடுக்குறது. நான் கீழ சொல்லப்போறது எல்லாம் அந்த டப்பாவ சிங்கப்பூர் பேங்குக்குள்ள எப்படி வைக்கிறதுங்கறதுதான்.

முதல் வேலை, சம்பளம் ஏறின அன்னிக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. கல்யாணம் ஆனவங்க ரெண்டு பேரும் சேர்ந்து உட்காரணும், இதுல விட்டுக்குடுக்குறதே கிடையாது, புருஷனுக்குத் தெரியாம காணிக்கை போடுற அக்காவும் பொண்டாட்டிக்குத் தெரியாம அண்ணனுக்கு அனுப்புற மச்சானும் நம்ம சபையில தாராளமா இருக்காங்க, அந்தக் காசு போய்ச் சேர்ற இடத்துல ஆசீர்வாதமா இருக்கலாம், கிளம்புற வீட்ல சண்டைதான். டிவி ஆஃப், பேங்க் ஆப் ஓப்பன், ஒரு நோட்டு.

இப்ப அந்தத் தம்பியோட கேள்வி. சம்பளம் 4,000 வெள்ளின்னு வைங்க, வயசு 55க்குள்ள. சிபிஎஃப்ல நம்ம பங்கு 20 சதவீதம், 800 போச்சு. சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 7 வெள்ளி (2,500க்கு மேல 4,500 வரை சம்பளம்னா அந்த 7தான், நம்மள்ல நிறைய பேருக்கு அது பிடிக்கிறதே தெரியாது, மாசாமாசம் நம்ம பிள்ளைங்க டியூஷனுக்கு நாம குடுத்துட்டுத்தான் இருக்கோம்). கைக்கு 3,193. முழுச் சம்பளத்துல பத்துல ஒண்ணு 400, கைக்கு வர்றதுல 319 வெள்ளி 30 காசு. வித்தியாசம் எண்பது வெள்ளி சொச்சம், அதுக்குத்தான் அந்தச் சண்டை. முதலாளி போடுற 17 சதவீதத்துக்கும் சேர்த்துக் குடுக்கணுமான்னு கூட ஒருத்தர் கேட்டாரு.

என் கருத்து இதுதான், ஒத்துக்காதவங்க ஒத்துக்க வேண்டாம். பைபிள்ல பத்துல ஒண்ணு ஒரே மாதிரி வரல. ஆபிரகாம் மெல்கிசேதேக்குங்கற ஆசாரியருக்கு ஒரு தடவை குடுத்தாரு, அதுக்குப் பின்னாடி மோசே சட்டத்துல ஆலய வேலை பார்த்த லேவியருக்குன்னு வந்துது, உபாகமம் 14ல பார்த்தா அந்தத் தசமபாகத்த கர்த்தர் சந்நிதியில குடும்பத்தோட சாப்பிட்டு சந்தோஷப்படுன்னு இருக்கு, மூணாவது வருஷத்து பாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். இயேசு தசமபாகத்தப் பத்திப் பேசின இடத்துல வெந்தயத்துலயும் சீரகத்துலயும் பத்துல ஒண்ண எண்ணிக் குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுட்டீங்களேன்னு திட்டுறாரு, அதையும் செய்யணும் இதையும் விடக்கூடாதுன்னும் சொல்றாரு. அதனால 400ஆ 319ஆங்கறது வெந்தயக் கணக்கு. ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க, அத மாசாமாசம் மாத்தாதீங்க. நாங்க கைக்கு வர்றதுல பத்துன்னு வச்சிருக்கோம், ஏன்னா சிபிஎஃப் பாதி எச்டிபி வீட்டு லோனுக்கே போயிடுது. வொர்க் பர்மிட்ல இருக்குற தம்பிங்களுக்கு சிபிஎஃப் கிடையாது, ஆனா ஏஜென்டுக்குக் குடுத்த கடன் இருக்கும், அவங்க பத்துல ஆரம்பிக்கலேன்னா சாபம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 20 வெள்ளில ஆரம்பிங்க, 10ல ஆரம்பிங்க. மாற்கு 12ல அந்த ஏழை விதவை போட்டது ரெண்டு காசு, இயேசு அத எண்ணினாரு.

தொகை முடிவானதும் அத வேற அக்கவுன்டுக்கு மாத்திடணும். இதுதான் அந்த ஹார்லிக்ஸ் டப்பா. சம்பளம் வர்ற அக்கவுன்ட்லயே கிடந்தா அது காணிக்கைப் பணமா மளிகைப் பணமான்னு நமக்கே தெரியாது, இருபதாம் தேதி தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கும்போது கரைஞ்சிடும். மினிமம் பேலன்ஸ் கேக்காத சேவிங்ஸ் அக்கவுன்ட் ஒண்ணு திறந்து, சம்பளத்துக்கு அடுத்த நாள் ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் குடுத்துடுங்க. அதுக்கு கார்டு வாங்காதீங்க. சபைக்கு போன்ல பேநவ் கியூஆர் ஸ்கேன் பண்ணி அனுப்பினாலும் சரி, கவர்ல போட்டாலும் சரி, எங்க வீட்ல பாதி பேநவ், பாதிய நோட்டா எடுத்து கவர்ல போடுறோம், ஏன்னா அப்பா போன்ல ஏதோ தட்டுறாருன்னுதான் பிள்ளைங்களுக்குத் தெரியுமே தவிர குடுக்குறாருன்னு தெரியல.

அடுத்து யாருக்கு எவ்வளவு. இதுல எல்லாரும் வழுக்குற இடம் ஊருக்கு அனுப்புற காசு. "அம்மா மருந்துக்கு அனுப்புனத தசமபாகத்துல கழிச்சுக்கலாமா?"ன்னு கேப்பாங்க, கேக்கும்போதே ஒரு குற்ற உணர்ச்சி. நான் திருப்பிக் கேப்பேன், அம்மாவுக்குக் குடுக்குறது தர்மமா, கடமையா? மாற்கு 7ல ஒரு விஷயம் வரும், கொர்பான். அப்பா அம்மாவுக்குச் சேர வேண்டியத "இது காணிக்கை"ன்னு சொல்லிட்டா போதும், அவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அந்தக் காலத்துல ஒரு பழக்கம் வச்சிருந்தாங்க, இயேசு அத தேவனோட கற்பனைய அவமாக்குறதுன்னு நேராவே சொன்னாரு. 1 தீமோத்தேயு 5:8 அதவிடக் காட்டம், சொந்த வீட்டார விசாரிக்காதவன் அவிசுவாசியவிடக் கெட்டவன். அதனால எங்க நோட்டுல அம்மா மருந்து வீட்டுச் செலவு வரிசையில வரும், வாடகை, கரன்ட், அம்மா. காணிக்கை அக்கவுன்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அம்மாவுக்கு அனுப்பினா இந்த மாசம் கையில ஒண்ணுமே நிக்காதுன்னா அம்மாதான் முதல்ல, சபைக்கு அந்த மாசம் பிடி சின்னதாகட்டும், அதுக்கு யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டாம். தம்பிக்கு புது பைக் வாங்க அனுப்புறது இதுல சேராது, அது வேற கதை.

காணிக்கை அக்கவுன்ட்ல உள்ளத நாங்க மூணா பிரிச்சோம். பெரிய பங்கு சபைக்கு, ஏன்னா நாம உட்கார்ற ஏர்கான், போதகர் சம்பளம், ஞாயிறு பள்ளி எல்லாம் வானத்துலேர்ந்து மன்னாவா விழுறதில்ல. ரெண்டாவது பங்கு வெளியில, நமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜனங்களுக்கு. மூணாவது பங்க சும்மா விட்டு வைக்கிறோம், யாருக்குன்னு பேரே கிடையாது, திடீர்னு ஒருத்தர் கஷ்டம்னு நின்னா அதுலேர்ந்துதான் எடுப்போம். இந்த மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லேவியராகமத்துல வயலோட ஓரத்த அறுக்காம விடு, சிந்தின கதிரப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும்னு இருக்குல்ல, வேற தேசத்து விதவை ரூத் பொறுக்கினது அந்த ஓரத்துலதான். மாச சம்பளக்காரனுக்கு ஏது வயல், அக்கவுன்ட்ல ஒரு ஓரம் விட்டு வைக்க வேண்டியதுதான்.

கடன் இருக்கிறவங்க இந்த இடத்த நிதானமா படிங்க, ஏன்னா நான் விழுந்தது இங்கதான். வந்த புதுசுல ஒரு ஸ்பெஷல் கூட்டம், வெளியூர் பிரசங்கியார், விசுவாசத்துல ஒரு தொகை எழுதுங்க நூறு மடங்கு திரும்ப வரும்னாரு, நான் 1,500 வெள்ளி எழுதினேன், அப்ப எனக்கு அது பெரிய தொகை. கையில இல்ல, கிரெடிட் கார்டுல குடுத்தேன். கார்டு வட்டி இங்க வருஷத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல, கொஞ்சம் கொஞ்சமா கட்டிக்கிட்டே வந்தேன், அத முடிக்க ஒண்ணே முக்கால் வருஷம் ஆச்சு. நூறு மடங்கு வரல, மாசாமாசம் பில்லு வந்துது. அந்த வசனத்த ரொம்ப நாள் கழிச்சு மாற்கு 10:30ல முழுசா படிச்சேன், "துன்பங்களோடேகூட நூறத்தனையாக"ன்னு இருக்கு. அந்த "துன்பங்களோடேகூட"வ அன்னிக்கு யாரும் மைக்ல சொல்லல.

அதனால கடன் வாங்கிக் குடுக்காதீங்க, கார்டுல குடுக்காதீங்க, வட்டிக்கு எடுத்துக் குடுக்கவே குடுக்காதீங்க. லைசென்ஸ் உள்ள வட்டிக்காரங்களே மாசத்துக்கு 4 சதவீதம் வரைக்கும் வாங்கலாம், வருஷத்துக்கு இல்ல மாசத்துக்கு, லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட போனா என்ன ஆகும்னு புளோக் சுவத்துல பெயின்ட் ஊத்தினதப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கடன்ல இருக்கும்போது காணிக்கைய நிறுத்தணும்னு சொல்ல மாட்டேன், சின்னதாக்குங்க, கடன அடைக்கிறதும் நீதிதான். வரி வசூல் பண்ணின சகேயு என்ன பண்ணாரு, பாதிய ஏழைகளுக்குன்னு சொன்னாரு, அதே மூச்சுல அநியாயமா வாங்கினத நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னும் சொன்னாரு. அடுத்தவனுக்குத் தர வேண்டியத வச்சுக்கிட்டு நாம தாராளப் பிரபுவா இருக்க முடியாது. நிலைமை கை மீறிடுச்சுன்னா கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்னு ஒரு அமைப்பு இருக்கு, பேங்க் கடன எப்படித் தவணையில அடைக்கிறதுன்னு உட்கார்ந்து பேசி வழி சொல்லுவாங்க, வெட்கப்படாம போங்க.

இதே கணக்குதான் வீட்ல வேலை பார்க்குற அக்காவுக்கும். சட்டப்படி சம்பள மாசம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் குடுத்தாகணும், ஆனா நம்ம ஆளுங்கள்ல சிலர் சபைக்கு முதல் வாரமே காணிக்கை, வேலைக்காரப் பொண்ணுக்கு "அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்". யாக்கோபு 5:4ல பிடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அது கர்த்தரோட காதுக்குப் போகுதுன்னு இருக்கு. அது போற வேகத்துக்கு நம்ம ஜெபம் போகுமான்னு எனக்கு டவுட்டு.

சரி, வெளியில குடுக்குற பங்கு. எங்க வீட்டு ரூல், யார் கேட்டாலும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் பதில். வாட்ஸப்ல குழந்தை ஆபரேஷன்னு போட்டோ வரும், ஃபார்வர்ட் பண்ணினவரு நம்ம சபை மூப்பராவே இருப்பாரு, அவருக்கே யார் அனுப்பினாங்கன்னு தெரியாது. சந்தேகமா இருந்தா 1799, மோசடியான்னு கேக்குறதுக்கான ஸ்கேம்ஷீல்டு ஹெல்ப்லைன், கேட்டுப் பாருங்க. இங்க உள்ள அமைப்புன்னா அரசாங்கத்தோட சேரிட்டி போர்ட்டல் வெப்சைட்ல பேரப் போட்டுப் பாருங்க, பதிவு இருக்கா, வரவு செலவு அறிக்கை இருக்கான்னு தெரியும், சபைகளோட கணக்கையே அங்க பார்க்கலாம். கணக்கு கேக்குறது அவிசுவாசம்னு யாராவது சொன்னா 2 கொரிந்தியர் 8:20ஐ காட்டுங்க, தர்மப் பணத்துல ஒருத்தரும் குறை சொல்லிடக் கூடாதுன்னு பவுலே கூட ஆள் சேர்த்து அனுப்பினாரு. 2015ல ஒரு பெரிய சபைப் பணத்து வழக்குல ஆறு பேர் குற்றவாளின்னு தீர்ப்பு வந்துது ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறமும் கணக்கு கேக்க கூச்சப்படுறோம்னா என்ன சொல்ல.

இந்தியாவுக்கு அனுப்புறவங்களுக்கு ஒரு விஷயம், இத நிறைய பேர் தெரியாமலே மாட்டுறாங்க. ஊர்ல உள்ள மிஷன், அநாதை இல்லம், சபைக் கட்டடம் எதுக்கா இருந்தாலும் வெளிநாட்டுப் பணம் வாங்கணும்னா அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ (இந்தியாவோட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேணும், 2020 திருத்தத்துக்கு அப்புறம் அந்தப் பணம் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல உள்ள கணக்குக்குத்தான் முதல்ல போகணும். "ஐயா சொந்த அக்கவுன்டுக்குப் போடுங்க, அவரு பார்த்துப்பாரு"ன்னு சொன்னா போடாதீங்க, மாட்டுறது அந்த ஐயாதான். நீங்க இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்தச் சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்குல வராது, சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டீங்கன்னா, ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) கார்டு இருந்தாலும், வரும். சொந்தக்காரங்களுக்கு அனுப்புறது வேற, அதுக்கு இந்தக் கெடுபிடி இல்ல. அதே மாதிரி இங்க இருந்துகிட்டு வெளிநாட்டு உதவிக்குன்னு பொதுவுல வசூல் பண்றதுக்கும் அனுமதி எடுக்கணும், ஊர்ல வெள்ளம்னு நோட்டு எடுத்துக்கிட்டு கிளம்பிடாதீங்க.

இங்க யாருக்குக் குடுக்கலாம்னா ஆள் இருக்கு. மெதடிஸ்ட் வெல்ஃபேர் சர்வீசஸ் 1981லேர்ந்து நடக்குது, ஹெல்த்சர்வ் 2006லேர்ந்து நம்ம மாதிரி வேலைக்கு வந்த தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்குறாங்க, டார்மிட்டரில கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு அதோட அருமை புரியும். ஐபிசி, அதாவது குடுக்குறவங்களுக்கு வரிக்கழிவு கிடைக்கிற தகுதி, உள்ள அமைப்புக்குக் குடுத்தா வருமான வரியில 250 சதவீதம் கழிவு உண்டு, 2023 பட்ஜெட்ல அத 2026 டிசம்பர் 31 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதாவது 100 வெள்ளி குடுத்தா வரி போடுற வருமானத்துல 250 குறையும், நீங்க 7 சதவீத படியில இருந்தா 17 வெள்ளி 50 காசு மிச்சம். ஐசி (அடையாள அட்டை) நம்பர் குடுத்துட்டா தானா வரி ஆபீஸான ஐராஸுக்குப் போயிடும். சாதாரண சபைக் காணிக்கைக்கு இது கிடையாது, ரசீத வச்சுக்கிட்டு வரி ஆபீஸுக்கு மெயில் போடாதீங்க, எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் போட்டாரு. மிச்சமான 17 வெள்ளிய என் மனைவி அந்த மூணாவது பங்குல போடணும்னு சொல்றா, நான் நாசி பிரியாணிக்கு வச்சுக்கலாம்னு சொல்றேன், இன்னும் முடிவாகல.

கூட்டாளி கடன் கேட்டா? திரும்ப வராட்டியும் நட்பு கெடாதுங்கற தொகைய மட்டும் குடுங்க, அத மனசுல அன்னிக்கே தர்மம்னு எழுதிடுங்க, திரும்பி வந்தா சந்தோஷம். பிணைக் கையெழுத்து மட்டும் போடாதீங்க, நீதிமொழிகள் அத திரும்பத் திரும்பச் சொல்லுது, நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

போனஸ், பதிமூணாம் மாசச் சம்பளம், இன்கிரிமென்ட் இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே நியமிக்கணும், வந்தப்புறம் அது ஐபோன் ஆயிடும். நம்ம மெதடிஸ்ட்காரங்க இந்த இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிய பேனர்ல மட்டும்தான் வச்சிருக்கோம், அவரு ஒரு கணக்கு சொல்லுவாரு. ஆக்ஸ்ஃபோர்டுல ஒருத்தருக்கு வருஷம் 30 பவுண்டு வருமானம், 28ல வாழ்ந்துட்டு 2 குடுத்தாரு. அடுத்த வருஷம் 60 வந்துது, அப்பவும் 28ல வாழ்ந்தாரு, 32 குடுத்தாரு. 90 வந்தப்போ 62, 120 வந்தப்போ 92. அந்த ஆளு வெஸ்லியேதான்னு சொல்லுவாங்க. நமக்கு அந்த அளவுக்குத் தைரியம் இல்ல, ஜிஎஸ்டி 9 சதவீதம் வேற, ஆனா சம்பளம் 200 ஏறினா அதுல ஒரு 40ஐ ஏறுறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்ல கூட்டி வச்சிடலாம், கையில பார்க்காத காசுக்கு மனசு அழாது.

குடுத்தத வெளிய சொல்லாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, வலது கை இடது கை வசனம் உங்களுக்கே தெரியும். நான் இங்க எங்க வீட்டுக் கணக்க இவ்வளவு சொன்னதே கொஞ்சம் உறுத்துது, அதனாலதான் மூணு பங்கும் எவ்வளவுன்னு சொல்லல.

அந்தத் தம்பி நேத்து திரும்ப மெசேஜ் போட்டான். அக்கவுன்ட் திறந்துட்டானாம், மாசம் 60 வெள்ளின்னு வச்சிருக்கானாம், அக்கவுன்டுக்கு ஆப்ல ஒரு பேர் வைக்கலாம்ல, என்ன பேர் வைக்கன்னு கேட்டான். எங்களுதுக்கு ஹார்லிக்ஸ்னு வச்சிருக்கோம்னு சொன்னேன்.